காசு கொடுத்த பிறகு என்ன மரியாதை? வாளையார்ப் பக்கத்திலிருந்து ஒரு பதில்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் பொள்ளாச்சிக்காரர், கேரளப் பக்கத்துக் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார், விவாகரத்து ஆனவர். சில மாதங்களாகப் பணம் கொடுத்து ஒரு பெண்ணைச் சந்தித்து வருகிறார். சில நாள் மலம்புழா வரை கூடப் போய்ச் சாப்பிட்டுப் பேசிவிட்டுத் திரும்புவதோடு சரி, சில நாள் அதற்கு மேலும். அறையில் கூடத் தங்கியிருப்பவர்கள் "காசு கொடுத்தாச்சு, அப்புறம் என்ன மரியாதை வேண்டிக் கிடக்கு" என்று கேலி செய்கிறார்களாம். இவருக்கு அந்தப் பேச்சு ஒட்டவில்லை. பேரம் பேசலாமா, நிஜப் பெயரைக் கேட்கலாமா, பரிசு வாங்கித் தரலாமா, நண்பர்கள் நம்பர் கேட்டால் கொடுக்கலாமா, போலீஸ் வந்தால் என்ன ஆகும் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார்.

நான் சித்தூர் தாலுகாக்காரி, பாலக்காட்டுச் சித்தூர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். வாளையார் இருக்கிற இந்தத் தமிழ்நாடு-கேரள எல்லையில் எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்தில் கவுன்சிலராக வேலை பார்த்தவள். பாலியல் தொழிலில் இருக்கும் பெண்களிடமும் அவர்களைத் தேடி வரும் ஆண்களிடமும் உட்கார்ந்து பேசியதுதான் என் படிப்பு. இந்தத் தொழில் இருக்கலாமா கூடாதா என்ற விவாதத்துக்குள் இங்கே போகவில்லை. நீங்கள் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறீர்கள், எப்படி நடந்துகொள்வது என்று கேட்கிறீர்கள், அதற்கு மட்டும் பதில்.

நான் பார்த்தவரை வாடிக்கையாளர்கள் செய்கிற அசிங்கங்களில் முக்கால்வாசி ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகிறது. தன் விஷயம் வெளியே ஒரு பொட்டுகூடக் கசியக் கூடாது, ஆனால் அந்தப் பெண்ணின் விஷயம் எல்லாம் தனக்குத் தெரிந்தாக வேண்டும். கோயம்புத்தூரில் செந்திலாக இருப்பவர் வாளையார் தாண்டியதும் ரமேஷ் ஆகிவிடுகிறார். ஊர், வேலை, பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாமே மாறிவிடுகின்றன. அது சரி, அவர் உரிமை. ஆனால் எதிரே இருப்பவர் தன் பெயர் சித்ரா என்று சொன்னால், "அது தெரியும், நிஜப் பேரைச் சொல்லு" என்று ஆரம்பித்துவிடுவார். அந்தப் பெண்ணும் மதுக்கரைப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி இங்கே வந்தவராக இருப்பார். இங்கிருந்து அந்தப் பக்கம் போகிறவர்களும் உண்டு. தெரிந்தவர் கண்ணில் படக் கூடாது என்ற ஒரே காரணத்துக்காகத்தான் இரண்டு பேரும் எல்லை தாண்டுகிறார்கள்.

முன்பு இது இவ்வளவு பெரிய விஷயமாக இல்லை. ஜிஎஸ்டி வருவதற்கு முன், அதாவது 2017 ஜூலைக்கு முன், வாளையார் செக்போஸ்டில் லாரிகள் நாள் கணக்கில் வரிசையில் நிற்கும். தொழிலும் ரோட்டோரமாக, டீக்கடை ஓரமாக நடந்தது. அங்கே முகத்துக்கு முகம் தெரியும், அவ்வளவுதான். மறுநாள் லாரி எர்ணாகுளத்தில் இருக்கும். வரிச் சோதனை போனதும் வரிசையும் போனது, தொழில் போனுக்குள் நுழைந்துகொண்டது. இப்போது நம்பரைச் சேமித்தால் வாட்ஸாப் படம் தெரிகிறது. ட்ரூகாலரில் யாரோ "தையல் அக்கா" என்று சேமித்துவைத்த பெயர் வந்து நிற்கிறது. கூகுள் பேயில் பணம் அனுப்பினால் வங்கியில் பதிந்த முழுப் பெயர், சிலருக்கு அப்பா பெயரோடு, திரையில் வந்துவிடுகிறது.

இந்த கூகுள் பே சமாச்சாரத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னிடம் அதிகம் வந்த புலம்பல் இதுதான். பெயர் தெரிந்ததும் ஒரு கூட்டம் அதை ஃபேஸ்புக்கில் போட்டுத் தேடுகிறது. தங்கச்சி கல்யாண போட்டோ கிடைக்கிறது, ஊர் கிடைக்கிறது. அடுத்த சந்திப்பில் "உன் தங்கச்சி உன்னை மாதிரியே இருக்கா" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சொல்கிறவருக்கு அது நெருக்கம். கேட்கிறவருக்கு வயிற்றில் புளி கரைகிறது. இவனுக்கு என் வீடு தெரியும், நாளைக்கு நான் முடியாது என்றால் வாசலில் வந்து நிற்பான் என்றுதான் அவருக்குக் காதில் விழும். அதனால் முடிந்தவரை ரொக்கமாகக் கொடுங்கள். இல்லை, அவரே நம்பர் கொடுத்து அனுப்பச் சொன்னார் என்றால் திரையில் வந்த பெயரைப் பார்க்காத மாதிரி இருந்துவிடுங்கள். அவர் எந்தப் பெயரைச் சொன்னாரோ அதுதான் அவர் பெயர்.

உச்ச நீதிமன்றம் 1990-லேயே ஒரு வழக்கில் இதைச் சொல்லிவிட்டது. மகாராஷ்டிராவில் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒரு பெண்ணின் வீட்டுக்குள் புகுந்த விவகாரம். அவள் நடத்தை எப்படிப்பட்டது என்று வாதம் கிளம்பியது. எப்படிப்பட்ட பெண்ணாக இருந்தாலும் அவளுக்கு அந்தரங்கம் உண்டு, யாரும் தன் இஷ்டத்துக்கு அதில் நுழைய முடியாது, விருப்பமில்லாவிட்டால் தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமையும் அவளுக்கு உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. யூனிஃபார்ம் போட்ட இன்ஸ்பெக்டருக்கே அந்தக் கோடு என்றால் ரமேஷுக்கு மட்டும் எப்படி இல்லாமல் போகும்?

பேரத்துக்கு வருகிறேன். போனில் தொகை பேசும்போது கட்டுப்படியாகாது என்று சொல்வதில் தப்பில்லை, மரியாதையாகச் சொல்லி நகர்ந்துவிடலாம். அறைக்கு வந்து உட்கார்ந்த பிறகு கத்தரிக்காய்க்குக் கேட்பது மாதிரி நூறு இருநூறு குறைக்கச் சொல்வதுதான் கேவலம். அவர் அதற்குள் பஸ் பிடித்து, பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டு, வீட்டில் ஒரு பொய் சொல்லி வந்திருப்பார். வெறும் கையோடு திரும்ப முடியாது என்று தெரிந்துதான் சிலர் அந்த நேரத்தில் கேட்கிறார்கள். பணத்தை ஆரம்பத்திலேயே, அவர் கேட்கும் முன்பே கொடுத்துவிடுங்கள். நேரம் நீண்டால் அதற்கும் சேர்த்து. கிளம்பிவிட்டார் என்று தெரிந்த பிறகு நீங்கள் ரத்து செய்தால் பஸ் காசும் அந்த நாளுக்கு ஒரு தொகையும் அனுப்புங்கள். புரோக்கர் வழியாகப் போனால் நீங்கள் கொடுப்பதில் அவர் கைக்கு எவ்வளவு வருகிறது என்பது உங்களுக்குத் தெரியாது. "அவ்வளவு வாங்கினியே" என்ற வார்த்தை வாயிலிருந்து வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேசிய விஷயத்துக்குத்தான் பணம். அதற்கு மேல் எதுவாக இருந்தாலும் அது புதுப் பேச்சு, அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பணம் கைமாறிய பிறகும், ஏற்கெனவே நாலு முறை சந்தித்திருந்தாலும், பாதியில் சொன்னாலும் அப்படித்தான். சம்மதம் இல்லாமல் செய்வது பலாத்காரம். அந்தப் பெண் என்ன தொழில் செய்கிறார் என்பதற்காகச் சட்டத்தில் விதிவிலக்கு எதுவும் கிடையாது. ஆணுறையும் இதில்தான் சேரும். அதற்கு அதிகப் பணம் தருகிறேன், விட்டுவிடலாம் என்று கேட்பதே அவமானம். கேட்காமல் நடுவில் கழற்றுவது அதைவிடப் பெரிய அயோக்கியத்தனம்.

குடித்துவிட்டுப் போகாதீர்கள். கேரளாவில் ஒன்றாம் தேதி மதுக்கடை மூடியிருக்கும். "மாசத்தில எனக்குப் பிடிச்ச நாள் ஒண்ணாந் தேதிதான்" என்று ஒரு சேச்சி சொல்லிவிட்டுச் சிரித்தார். எல்லை தாண்டி டாஸ்மாக்கில் ஏற்றிக்கொண்டு வருகிறவர்களை அவர் கணக்கில் சேர்க்கவில்லை போலிருக்கிறது.

இனி உங்களைப் போன்றவர்களைப் பற்றி. நீங்கள் முரட்டு ஆள் இல்லை என்பது கேள்வியிலேயே தெரிகிறது. முரடர்களைச் சமாளிக்க அந்தப் பெண்களுக்குத் தெரியும். இரண்டு தடவை பார்த்தாலே ஆளை எடை போட்டு நம்பரை பிளாக் செய்துவிடுவார்கள். அவர்களை நிஜமாகவே களைப்பாக்குகிறவர்கள் நல்லவர்கள்தான். "நீ ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தே?" என்று உருகிக் கேட்பவர், "இதையெல்லாம் விட்டுடு, நான் பார்த்துக்கறேன்" என்று வாக்குக் கொடுப்பவர், காலையில் குட் மார்னிங்கும் ராத்திரி குட் நைட்டும் அனுப்பி, பதில் வராவிட்டால் கோபித்துக்கொள்பவர். கதை கேட்டால் கதை கிடைக்கும். புருஷன் குடிகாரன், அம்மாவுக்கு ஆபரேஷன் என்று கேட்பவருக்குப் பிடித்த ஒரு கதையை எல்லாரும் கைவசம் வைத்திருப்பார்கள். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அதைச் சொல்ல வைப்பது உங்கள் மனசாட்சியைத் தடவிக்கொடுக்கிற வேலை, அதை அவர் தலையில் கட்டுகிறீர்கள். அவராகச் சொன்னால் கேளுங்கள், தோண்டாதீர்கள்.

பரிசு கேட்டிருந்தீர்கள். சேலை, நகை எல்லாம் வீட்டில் கேள்வி கிளப்பும் பொருட்கள். யார் கொடுத்தது என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? ஓணத்துக்கோ தீபாவளிக்கோ கொஞ்சம் கூடுதலாகப் பணம் கொடுங்கள், அது போதும். இல்லாவிட்டால் கிருஷ்ணா ஸ்வீட்ஸ் டப்பா ஒன்று. பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டால் தடயம் கிடையாது.

வெளியில் எதிர்ப்பட நேர்ந்தால் அதுதான் உண்மையான சோதனை. பாலக்காட்டுக் கல்பாத்தித் தேர்த் திருவிழாவில் நீங்கள் அக்கா குடும்பத்தோடு நிற்கிறீர்கள், அவர் தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார். உங்களுக்கு இரண்டு வினாடி இருக்கிறது. தெரியாதவர்போலக் கடந்து போய்விடுங்கள். தலையசைப்பு வேண்டாம், சிரிப்பு வேண்டாம், அப்புறம் "இன்னைக்குத் தேர்ல பார்த்தேனே, பச்சைப் புடவை நல்லா இருந்துச்சு" என்ற மெசேஜும் வேண்டாம். அவராக வந்து பேசினால் பேசுங்கள். நீங்கள் மனைவியோடு போகும்போது அவர் வந்து கையைப் பிடித்தால் எப்படி இருக்கும் என்று எந்த ஆணுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே பயம் அவருக்கும் இருக்கும் என்பதை மட்டும் ஏனோ ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

போட்டோ விஷயத்தில் சலுகையே கிடையாது. தூங்கும்போது எடுத்தேன், முகம் தெரியவில்லை, எனக்கு மட்டும்தான் என்று சொல்லும் எல்லாச் சாக்கும் கேட்டாயிற்று. சம்மதமில்லாமல் அந்தரங்கமான நிலையில் ஒரு பெண்ணைப் படமெடுப்பது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவில் குற்றம், முதல் முறையே ஒன்றிலிருந்து மூன்று வருடம் வரை சிறை. எடுக்கச் சம்மதித்து, பரப்பச் சம்மதிக்காத படத்தைப் பரப்பினாலும் அதே பிரிவு பாயும். ஆண்கள் குழுக்களில் "சூப்பர்", "வேஸ்ட்", "ரொம்பப் பேசுறா" என்று மார்க் போடுகிறார்களே, அதிலும் சேராதீர்கள். ஒரு நாள் தலைவலியோடு வந்தவரைப் பற்றி ஒருவன் எழுதிய இரண்டு வரி அவருடைய ஒரு மாத வருமானத்தைத் தின்றுவிடும். எழுதியவன் யார் என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

சட்டத்துக்கு வருவோம். இங்கே எல்லை ஊர் என்பது நிஜமாகவே வித்தியாசத்தை உண்டாக்குகிறது. வயது வந்த பெண் தன் விருப்பப்படி இந்தத் தொழில் செய்வது தன்னளவில் குற்றமல்ல. பேப்பரில் விபச்சாரத் தடுப்புச் சட்டம் என்று எழுதுவார்களே, அந்த 1956-ஆம் வருடச் சட்டம் விபச்சார விடுதி நடத்துவது, ஆள் பிடித்துக் கொடுப்பது, அந்த வருமானத்தில் வாழ்வது, பொது இடத்தில் அழைப்பது போன்றவற்றைத்தான் தண்டிக்கிறது. உச்ச நீதிமன்றம் 2022 மே 19 அன்று பிறப்பித்த உத்தரவில் இந்தப் பெண்களை ரெய்டில் கைது செய்யவோ துன்புறுத்தவோ கூடாது, அவர்கள் படத்தை ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்ற பரிந்துரைகளைப் பின்பற்றச் சொன்னது.

வாடிக்கையாளரின் நிலைமை மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஆந்திர உயர் நீதிமன்றம் வாடிக்கையாளர் மேல் இந்தச் சட்டத்தில் போட்ட வழக்குகளை ரத்து செய்திருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றமும் 2022-ல் மசாஜ் சென்டர் ரெய்டில் பிடிபட்ட ஒருவர் மேலிருந்த வழக்கை ரத்து செய்தது. கேரளா அப்படியில்லை. கோயில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஹாஸ்டல் போன்றவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் நடந்தால் 7-ஆம் பிரிவு வரும், அதில் வாடிக்கையாளரும் அடங்குவார் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-ல் சொன்னது. மூன்று மாதம் வரை சிறை. நம்மூரில் பஸ் ஸ்டாண்டு லாட்ஜிலிருந்து 200 மீட்டருக்குள் ஒரு கோயில் இல்லாத இடத்தைக் காட்டுங்கள் பார்க்கலாம்! அதன் பிறகு 2025-ல் அதே நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. விபச்சார விடுதிக்கு வந்து பணம் கொடுக்கிறவரை வெறும் வாடிக்கையாளர் என்று சொல்ல முடியாது, அந்தப் பெண் விற்பனைப் பொருள் அல்ல, பணம் கொடுத்து அவளைத் தொழிலில் ஈடுபடத் தூண்டியவர் என்று 5-ஆம் பிரிவிலும் அவர்மேல் வழக்கு நடத்தலாம் என்றது. அந்தப் பிரிவில் குறைந்தபட்சத் தண்டனையே மூன்று வருடம். ஆக, தமிழ்நாட்டுப் பக்கத்துக் க.க.சாவடியில் ஒரு நியாயமும் கஞ்சிக்கோட்டில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. எல்லை தாண்டினால் பத்திரம் என்று நினைத்து கோயம்புத்தூரிலிருந்து வருகிறவர்கள் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

போலீஸ் வருவதற்கு முன்பே சதாசார போலீஸ் வந்துவிடலாம். அதாவது ஊர் ஒழுக்கத்தைக் குத்தகைக்கு எடுத்த இளைஞர் கூட்டம். மலம்புழா அணைப் பக்கம் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தால் "நிங்ஙள் ஆரா" என்று வந்து நிற்பார்கள். அந்த நேரத்தில் நழுவிவிடுகிற ஆண்களைப் பற்றிப் பெண்கள் சொல்லும்போது குரலில் கோபம்கூட இருக்காது, அவ்வளவு பழகிப்போயிருக்கிறது. நீங்கள் நழுவாதீர்கள். கத்தவும் வேண்டாம். கூட நின்று, அவர் பஸ் ஏறும் வரை இருந்துவிட்டு அப்புறம் நகருங்கள். அவர் பெயர், ஊர் எதையும் உங்கள் வாயால் சொல்லாதீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் ரகசியம், மரியாதை எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட வேண்டும். எதிரே இருப்பவர் சின்னப் பெண்ணாகத் தெரிந்தால், போன் வேறு யார் கையிலோ இருந்தால், எந்த ஊரில் இருக்கிறோம் என்றே அவருக்குத் தெரியாவிட்டால், வெளியிலிருந்து கதவு பூட்டப்பட்டால், பணத்தைத் தொடக்கூட விடாமல் ஒருவன் வாங்கிக்கொண்டால், எழுந்து வந்துவிடுங்கள். வந்து 112-ஐ அழையுங்கள், குழந்தை என்றால் 1098. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் சம்மதம் என்ற பேச்சே கிடையாது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டம் பாயும். கடத்தி வரப்பட்டவர் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தோ போனால், நியாய சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவில் மூன்று முதல் ஏழு வருடம், குழந்தையாக இருந்தால் ஐந்து முதல் பத்து வருடம். என் பெயர் வெளியே வந்துவிடுமே என்ற பயம் உங்களுக்கு இருக்கும். அந்த அறையில் இருப்பவரின் நிலைமைக்கு முன் அந்தப் பயம் பெரிதில்லை.

உடம்பு விஷயம். "டெஸ்ட் ரிப்போர்ட் வச்சிருக்கியா" என்று கேட்கிற ஆண்களிடம் நான் திருப்பி "நீங்க எப்ப எடுத்தீங்க?" என்று கேட்டால் பதிலே வராது. தொழிலில் இருக்கும் பெண்கள் திட்டத்தின் மூலம் முறையாகப் பரிசோதனை செய்துகொள்கிறவர்கள், வருகிற ஆண்கள்தான் செய்துகொள்வதில்லை. கேரளாவில் அரசு ஆஸ்பத்திரிகளில் ஜோதிஸ் மையம், தமிழ்நாட்டில் நம்பிக்கை மையம், இரண்டிலும் இலவசம். 2017-ஆம் வருட எச்ஐவி சட்டப்படி உங்கள் முடிவை உங்கள் சம்மதமில்லாமல் வெளியே சொல்ல முடியாது. ஆணுறை கிழிந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் எச்ஐவி தடுப்பு மருந்தை ஆரம்பிக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. சந்தேகம் இருந்தால் எய்ட்ஸ் உதவி எண் 1097-ல் கேட்கலாம், கட்டணம் இல்லை. கிழிந்ததை அவரிடமும் சொல்லிவிடுங்கள், அவருக்கும் அதே 72 மணி நேரம்தான்.

கடைசியாக நம்பர். கொடுக்காதீர்கள். புது ஆளை அவர்கள் நம்புவது தெரிந்த ஒருவரின் வார்த்தையை வைத்துத்தான். "ரமேஷ் சொன்னார்" என்று ஒருவன் போன் செய்தால், அவன் எப்படிப்பட்டவன் என்பதற்கு ரமேஷ் ஜாமீன் போட்ட மாதிரி. உங்கள் அறையில் இருப்பவர்கள் "காசு கொடுத்தாச்சு, அப்புறம் என்ன மரியாதை" என்று பேசுகிறவர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்கு ஜாமீன் போடுவீர்களா? நல்ல ஆள் ஒருவர் கேட்டாலும், "அவங்ககிட்ட கேட்டுட்டு சொல்றேன்" என்று சொல்லுங்கள். நிஜமாகவே கேளுங்கள். அவர் சரி என்றால் அந்த ஆளின் நம்பரை அவரிடம் கொடுங்கள். கூப்பிடுவதா வேண்டாமா என்று அவர் பார்த்துக்கொள்வார்.